உறைபனி விழும் இடத்தில் தார்த்தளம்: தண்ணீரை வெளியே நிறுத்தும் வழிகள்

பனி உருகும் வாரங்களில்தான் தார்த்தளத்தில் குழிகள் விழத் தொடங்கும். பழி குளிர்மேல் போகும். ஆனால் காய்ந்து கிடக்கும் தளத்தைக் குளிர் மட்டும் வந்து பெயர்த்துவிடாது; கூடத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் உறையும்போது கொள்ளளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து வெடிப்பை நெம்பும். பகலில் உருகி, நெம்பிய இடம் வழியே இன்னும் ஆழமாக இறங்கும். மறுநாள் இரவு மறுபடியும் உறையும். ஆகவே மாதக்கணக்கில் உருகாமலே இறுகிக் கிடக்கும் குளிரைவிட, 0 டிகிரியை ஒட்டி நாள்தோறும் ஏறி இறங்கும் குளிரே மேல்தளத்துக்கு அதிகக் கேடு செய்கிறது.

தளத்துக்கு அடியில் நடப்பது வேறு. வண்டல் கலந்த மண், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஆழத்து ஈரத்தை மேலே இழுக்கும். குளிர் இறங்கும் இடத்தில் அந்த ஈரம் வில்லை வில்லையாக உறைந்து, மேலே உள்ள அனைத்தையும் தூக்கிவிடும். இதற்கு உறிஞ்சும் மண், எட்டும் தூரத்தில் நீர், உறையவைக்கும் குளிர் மூன்றும் ஒருசேர வேண்டும். குளிரை மாற்ற முடியாது. மண்ணை மாற்றுவதென்றால் தளத்தையே தோண்ட வேண்டும். ஆண்டுதோறும் நம் கைக்குள் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியவை.

முதல் உறைபனிக்கு முன்

மழை ஓய்ந்து தளம் காயத் தொடங்கும் நேரத்தில் நடந்து பாருங்கள். மேற்பரப்பு வெளுத்துவரும்போது வெடிப்புகள் மட்டும் கறுத்த ஈரக்கோடுகளாகத் தெரியும். வெயிலில் கண்ணுக்குத் தப்பும் மயிரிழை வெடிப்புகூட அப்போது அகப்படும். தேங்கிய நீரின் ஓரத்தைச் சாக்பீஸால் வளைத்து வரைந்து வையுங்கள். 24 மணி நேரம் கழித்தும் அங்கே நீர் நின்றால் அது பள்ளம். குளிர்காலத்தில் அங்கேதான் பனிக்கட்டி படியும், பின்பு அங்கேதான் தளம் உடையும்.

வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, மீட்டருக்கு 2 செ.மீ. இருக்க வேண்டும். 2 மீட்டர் நீளமுள்ள நேரான பலகையை ரசமட்டம் வைத்து மட்டமாகப் பிடித்தால், தாழ்ந்த முனையில் பலகைக்கும் தளத்துக்கும் இடையே 4 செ.மீ. தெரிய வேண்டும். 2 செ.மீ.கூட இல்லையென்றால் அந்தப் பக்கம் நீர் தயங்கி நிற்கும்.

ஓரங்களைப் பலரும் பார்ப்பதே இல்லை. புல்லும் மண்ணும் சேர்ந்து தள விளிம்பைவிட உயர்ந்துவிட்டால் நீர் வெளியேறாமல் விளிம்பிலேயே ஊறும். மண்ணைச் சீவி, தளத்தைவிட 1 அல்லது 2 செ.மீ. தாழ்வாக விடுங்கள். அதற்காக ஆழமாக வெட்டிவிடவும் கூடாது. 5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் விளிம்புக்குப் பிடிப்பு இல்லாமல், சக்கரம் ஏறும்போது துண்டு துண்டாக உடையும். அப்படி இறங்கியுள்ள இடத்தில் உடைத்த ஜல்லியைத் தூளோடு போட்டுத் திமிசால் இடித்து நிரப்புங்கள். கூரை நீர்க்குழாய் தளத்தின் ஓரத்தில் கொட்டினால் அதை நீட்டித் தள்ளிவிடுங்கள். வடிகால் மூடிச் சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்கு, தண்ணீர் அடித்தளத்துக்குப் போகும் குறுக்குவழி. அதையும் வெடிப்பாகவே எண்ணி அடைக்க வேண்டும்.

வெடிப்பு அடைத்தல்

பராமரிப்பு வேலைகளில் போட்ட பணத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான். அதே வேளையில் அவசரத்தில் கெடுக்கப்படுவதும் இதுதான்.

முதலில் வெடிப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்தவற்றைத் தனித்தனியாக அடைப்பது வீண்வேலை. அவற்றை மேற்பூச்சுக்கு விட்டுவிடலாம். 3 முதல் 20 மி.மீ. வரை சீலண்ட் என்னும் அடைப்புப் பொருளை ஊற்றலாம். 20-க்கு மேல் போனால் சீலண்ட் மட்டும் தாங்காது. மணல் கலந்த தார்க்கலவையோ, மாஸ்டிக் என்னும் கல்துகள் கலந்த தடித்த தார்ப்பசையோ வேண்டும். முதலை முதுகுபோலக் கட்டம் கட்டமாக வெடித்த இடத்தில் எதையும் ஊற்ற வேண்டாம். அது அடித்தளம் தளர்ந்ததன் அடையாளம், வெட்டியெடுப்பதே வழி.

சாலைக்குக் குறுக்கே ஓடும் வெடிப்புகள் குளிரில் தார் சுருங்குவதால் வருபவை. இவை உயிருள்ளவைபோல் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மூடும். நடுக்கோடையில் அடைத்தால் வெடிப்பு ஒடுங்கி இருக்கும், உள்ளே கொஞ்சமே இறங்கும், குளிர்காலத்தில் அது பிய்ந்துபோகும். நடுக்குளிரில் அடைத்தால் உள்ளே ஈரம் இருக்கும், கோடையில் சீலண்ட் வெளியே பிதுங்கும். வெடிப்பு நடுத்தர அகலத்தில் இருக்கும் இலையுதிர்காலமும் வசந்தமும்தான் ஏற்ற நேரம். தளத்தின் வெப்பநிலை குறைந்தது 5 டிகிரி இருக்க வேண்டும். ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும். இலையுதிர்காலக் காலைகளில் வெடிப்பின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள்.

சீலண்டில் ரப்பர் கலந்து சூடாக ஊற்றும் வகையே கடுங்குளிருக்கு ஏற்றது. ஏஎஸ்டிஎம் டி6690 என்ற அமெரிக்கத் தரக்குறிப்பில் நான்கு வகைகள் உண்டு. வகை 1, −18 டிகிரியில் 50 சதவீதம் இழுபடுகிறதா என்று சோதிக்கப்படுகிறது. வகை 4, −29 டிகிரியில் 200 சதவீதம் இழுபட வேண்டும். பெட்டியில் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புக் கட்டிதான். குப்பியில் வரும் குளிர்நிலை நிரப்பியில் நீர் கலந்திருக்கும். அது காயும்போது சுருங்குவதால் இரண்டு முறை ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் சில இரவுகளாவது உறைபனி இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கினால் போதும் என்ற சிறிய இடத்துக்கு அது சரி.

வெடிப்பை ரூட்டர் என்னும் வெட்டுக்கருவி வைத்து வாய் அகலப்படுத்துவது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வெடிப்பு குளிரில் 6 மி.மீ. கூடுதலாகத் திறக்கிறது என்று வையுங்கள். 12 மி.மீ. அகல வாயில் உள்ள சீலண்ட் 50 சதவீதம் இழுபட வேண்டும். அதே வாய் 40 மி.மீ. அகலமென்றால் 15 சதவீதம் போதும். அதனால் மிதமான குளிருக்கு 12 × 12 மி.மீ. வாயும், கடுங்குளிருக்கு 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம் கொண்ட தட்டையான வாயும் வெட்டுகிறார்கள். விளிம்பு உதிரும் பழைய தளத்திலும், கிளை கிளையாகப் பிரியும் வெடிப்பிலும், 4 செ.மீ.கூடத் தடிமன் இல்லாத தளத்திலும் ரூட்டர் வைக்காதீர்கள், இருப்பதையும் உடைத்துவிடும்.

சுத்தம் செய்வதில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. புல்லை வேரோடு பிடுங்கி, கம்பித் தூரிகையால் சுவரைத் தேய்த்து, கம்ப்ரசர் காற்றால் இரண்டு முறை ஊதுங்கள். கம்ப்ரசரில் எண்ணெயும் ஈரமும் பிரிக்கும் வடிகட்டி இருக்கட்டும். ஒரு வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தால் கறை விழுகிறதா என்று தெரிந்துவிடும். ஈரம் சந்தேகமாக இருந்தால் சூடான காற்றுக்குழல் பிடியுங்கள். சுவர் சற்றே கறுத்து உலர்ந்தால் போதும். புகை கிளம்பிப் பளபளத்தால் தார் கருகிவிட்டது. அதில் எதுவும் ஒட்டாது. நேரடித் தீச்சுடர் காட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். உலர்த்திய சில நிமிடங்களுக்குள் ஊற்றிவிடுங்கள்.

உருக்கும் கலத்தின் வெப்பம் பெட்டியில் அச்சிட்டபடி இருக்க வேண்டும். பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி. அதற்கு மேல் போனால் ரப்பர் சிதைந்து சீலண்ட் நீர்த்துப்போகும், குளிரில் நொறுங்கும். குறைந்தால் சுவரை நனைக்காமல், நாடாபோல உரிந்து வரும். கலத்தைத் தாண்டி ஊற்றுமுனையிலும் அளந்து பாருங்கள். கலத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பொங்கித் தெறிக்கும். முழுக்கை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் பக்கத்தில் போக வேண்டாம். தோலில் பட்டால் குளிர்ந்த நீரில் நீண்ட நேரம் பிடித்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும், உரித்தெடுக்கக் கூடாது.

வெடிப்பு 2 செ.மீ.க்கு மேல் ஆழமென்றால், வெடிப்பின் அகலத்தைவிடக் கால்பங்கு கூடுதல் பருமனுள்ள, சூடு தாங்கும் நுரைக்கயிற்றை உள்ளே திணித்து மேலே 12 மி.மீ. மட்டும் விடுங்கள். பிறகு அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வாருங்கள். மேலே பரப்பும் பட்டை 60 மி.மீ. அகலத்துக்கும் 2 மி.மீ. தடிமனுக்கும் மிகக் கூடாது. பனிவாரும் தகடு தடித்த பட்டையைத்தான் முதலில் பிடித்து இழுக்கும். 12 × 12 வாய்க்கு மீட்டருக்கு 0.144 லிட்டர், மேல்பட்டைக்கு 0.12 லிட்டர், ஆகச் சுமார் 0.3 கிலோ. 100 மீட்டர் வெடிப்புக்கு 30 கிலோ. 40 × 10 வாயென்றால் மேல்பட்டை இல்லாமலே 46 கிலோ வரும். ஊற்றியதும் வண்டி போக வேண்டுமென்றால் கல்தூள் தூவலாம். டாய்லெட் பேப்பரை விரித்துவிடுவதும் உண்டு. கேலியாகத் தோன்றினாலும் சாலைப் பணியாளர்கள் உண்மையிலேயே செய்வதுதான்.

அடுத்த வசந்தத்தில் வந்து பார்த்தால் பிழை எங்கே என்று சீலண்டே சொல்லும். ஒரு பக்கச் சுவரை விட்டு விலகியிருந்தால் தூசியோ ஈரமோ இருந்திருக்கிறது. நடுவில் கிழிந்திருந்தால் வாய் போதவில்லை அல்லது வகை தவறு. கொப்புளம் இருந்தால் ஈரத்தின்மேல் ஊற்றியிருக்கிறார்கள். பள்ளமாக இறங்கியிருந்தால் கயிறு வைக்கவில்லை.

பனிக்காலத்தில்

நிலம் உறைவதற்கு முன்பே ஓரங்களில் அடையாளக் குச்சிகளை நடுங்கள். பிறகு அடித்தால் இறங்காது. பனிவாரும் தகடு தளத்துக்கு 6 முதல் 12 மி.மீ. மேலே நிற்கும்படி அதன் அடிக்கட்டைகளைப் பொருத்துங்கள். முடிந்தால் ரப்பர் அல்லது பாலியுரித்தேன் விளிம்பு போடுங்கள். ஒட்டிய பனிக்கட்டியைக் கடப்பாரையால் கொத்தினால் கட்டியோடு தாரும் வரும். வாரிய பனியைத் தளத்தின் தாழ்ந்த பக்கம், வடிகாலை மறைக்காமல் குவியுங்கள். மேட்டுப் பக்கம் குவித்தால் பகலில் உருகும் நீர் முழுத்தளத்தையும் கடந்து ஓடி இரவில் கண்ணாடியாக உறையும்.

உப்பு தாரை வேதியியல்ரீதியாக அரிப்பதில்லை. அது சிமென்ட் கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் செடிக்கும்தான் பகை. தார்த்தளத்துக்கு அதனால் வரும் கேடு வேறு வழியானது. உறைந்து சும்மா கிடந்த நீரை அது உருக்கி வெடிப்புக்குள் அனுப்புகிறது, உப்பு நீர்த்ததும் அந்த நீர் மறுபடி உறைகிறது. அதனால் அளவோடு போடுங்கள். மெல்லிய பனிக்கட்டிக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம் போதும். 100 சதுர மீட்டர் தளத்துக்கு 1 அல்லது 2 கிலோ. முதலில் வாரிவிட்டுப் பிறகு தூவ வேண்டும். வாராமல் தூவுவது உப்பைப் பனிக்குத் தின்னக் கொடுப்பது.

சாதாரண உப்பு −9 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். மெக்னீசியம் குளோரைடு சுமார் −15 வரையும், கால்சியம் குளோரைடு சுமார் −25 வரையும் பயன்படும். அதற்கும் கீழே போனால் பிடிப்புக்கு மணல்தான். பனி விழும் முன்பே உப்புநீர் தெளிப்பது சிக்கனமான முறை: 10 லிட்டர் நீருக்கு 3 கிலோ உப்பு. இது ஏறத்தாழ 23 சதவீதம் வரும். அந்தச் செறிவில்தான் உப்புநீரின் உறைநிலை மிகத் தாழ்ந்து −21 டிகிரியில் இருக்கிறது. இன்னும் உப்பைக் கூட்டினால் உறைநிலை மறுபடியும் மேலேறும். மழையில் தொடங்கிப் பனியாக மாறும் நாளில் தெளிக்காதீர்கள், கழுவிக்கொண்டு போய்விடும்.

நடுக்குளிரில் குழி விழுந்தால் வசந்தம்வரை காத்திருக்க வேண்டாம். சூடாக்காமலே போடும் தார்க்கலவையான குளிர்க்கலவையால் தற்காலிக ஒட்டுப் போடுங்கள். மூட்டையை முந்தைய இரவே சூடான அறையில் வைத்தால்தான் கிளறக் கொடுக்கும். நீரையும் பனித்துண்டுகளையும் கூட்டித் தள்ளி, கலவையைக் கொட்டி, லாரி அல்லது கார்ச் சக்கரத்தை நாலு முதல் எட்டு முறை ஏற்றி இறக்குங்கள். அழுத்திய பின் தளத்தைவிட 3 முதல் 6 மி.மீ. மேடாக நிற்க வேண்டும். இந்த வேலையில் கலவையின் தரமே முக்கியம். நல்ல கலவையைக் கொட்டிச் சக்கரம் ஏற்றிய ஒட்டு, மட்டமான கலவையைச் சதுரம் வெட்டிப் போட்ட ஒட்டைவிட நிற்கும். 60 × 40 செ.மீ., 7 செ.மீ. ஆழக் குழிக்குக் கொள்ளளவு 16.8 லிட்டர். லிட்டருக்கு 2 கிலோ வீதம் 34 கிலோ, அதாவது இரண்டு 25 கிலோ மூட்டைகள். மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள், ஒட்டு அமுங்கியதும் மேலே போட உதவும்.

உருகும் வாரங்கள்

ஆண்டிலேயே ஆபத்தான காலம் இது. உருகுதல் மேலிருந்து தொடங்கும். கீழே இன்னும் பனிக்கட்டி இருப்பதால் உருகிய நீர் இறங்க வழியின்றி ஜல்லிக்குள்ளேயே, கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். தளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அடியில் சேறு. சுமை இரட்டித்தால் தளத்துக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்ற நான்காம் மடி விதி, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா அருகே ஆஷோ என்னும் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்தது. அங்கேயும் வசந்தகால உருகலின்போதுதான் தளங்கள் அதிகம் நொடித்தன. குளிர்நாடுகள் பலவற்றில் இந்த வாரங்களில் கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடு விதிப்பது இதனால்தான்.

உங்கள் தளத்துக்கும் அதே கட்டுப்பாட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஜல்லி லோடு, கான்கிரீட் கலவை வண்டி, குப்பைப் பெட்டகம் எல்லாவற்றையும் நிலம் இறுகி உறைந்திருக்கும்போதோ கோடையிலோ வரவழையுங்கள். வண்டி ஏறும்போது வெடிப்பிலிருந்து சேற்றுநீர் பீறிட்டால் அடித்தளத்தின் நுண்தூள் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே சுமையை நிறுத்தி, ஓரத்து மண்ணில் வாய்க்கால் வெட்டி நீருக்கு வழிவிடுங்கள்.

நிரந்தர ஒட்டு

அடித்தளம் காய்ந்த பின், வசந்தத்தின் கடைசியிலோ கோடையிலோ போட வேண்டும். குழியைச் சுற்றி நல்ல தளத்துக்குள் 15 முதல் 30 செ.மீ. தள்ளிச் செவ்வகமாகக் குறித்து, ரம்பத்தால் செங்குத்தாக அறுங்கள். சாய்ந்த விளிம்பில் கலவை மெல்லியதாகிப் பிய்யும். உறுதியான அடி வரும்வரை தோண்டுங்கள். நிரப்பும் ஜல்லி அக்கம்பக்கத்தில் உள்ளதைப்போலவே இருக்கட்டும். சுற்றிலும் வண்டல் இருக்க, நடுவில் மட்டும் பெருங்கல் போட்டால் சுற்றுப்புறம் குளிரில் உயரும், ஒட்டு உயராது. ஆண்டுக்கு ஒருமுறை மேடுபள்ளம் வரும். 10 செ.மீ. அடுக்கடுக்காக இடியுங்கள்.

சுவர்களிலும் அடியிலும் தார் இமல்ஷனை (நீரில் கலந்த தார்) மெல்லியதாகப் பூசிக் காத்திருங்கள். பழுப்பு நிறம் கறுத்த பிறகே சூடான கலவையைக் கொட்ட வேண்டும். 6 செ.மீ. கொட்டினால் இடித்தபின் 5 செ.மீ.க்குச் சற்றுக் கீழே நிற்கும். ஆழம் அதிகமென்றால் இரண்டு அடுக்கு. முதலில் ஓரங்களை இடித்து நடுவுக்கு வாருங்கள். கலவை 80 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் எவ்வளவு இடித்தும் பயனில்லை. குளிர்ந்த நாளில் 2.5 செ.மீ. அடுக்கு சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். அதன்பின் உள்ளே தங்கும் காற்றிடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழியாகும். பனிக்கு ஒரு வாரம் முன்பு அவசரமாகப் போட்ட மெல்லிய ஒட்டு அடுத்த வசந்தத்தில் காணாமல் போவது இப்படித்தான். முடித்ததும் ஒட்டுக்கும் பழைய தளத்துக்கும் இடையிலான நான்கு கோடுகளிலும் சீலண்ட் ஊற்றுங்கள். இதை விட்டால் புதிதாக நான்கு வெடிப்புகளை நாமே செய்து கொடுத்ததாகிவிடும்.

மேற்பூச்சு

இதற்கு இருக்கும் பெயர் அளவுக்கு வேலை இல்லை. வெயிலில் தார் வெளிறி விறைப்பதைத் தள்ளிப்போடும், மயிரிழை வெடிப்பை மூடும், எண்ணெய்க் கசிவைத் தாங்கும்; அவ்வளவே. வலுச் சேர்க்காது, அகன்ற வெடிப்பை அடைக்காது. புதிய தளத்துக்கு 6 முதல் 12 மாதம் கழித்தும், பிறகு 3 அல்லது 4 ஆண்டுக்கு ஒருமுறையும் போதும். ஆண்டுதோறும் பூசினால் பூச்சே தடித்து வெடிக்கும். பூசிய 24 மணி நேரமும் 10 டிகிரிக்குக் குறையாமல், மழையில்லாமல் இருக்க வேண்டும். முதல் உறைபனிக்கு ஒரு மாதமாவது முன்பே முடித்துவிடுங்கள். தார் இமல்ஷனில் லிட்டருக்குக் கால் முதல் அரைக் கிலோ மணல் கலந்து, கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வீதம் இரண்டு மெல்லிய கோட்டு அடியுங்கள். மணல் இல்லாவிட்டால் ஈரத்தில் வழுக்கும். நிலக்கரித் தாரில் செய்த பூச்சு வேண்டாம். அதில் புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்கள் மிக அதிகம்.

தளம் ஆண்டுதோறும் தூக்கினால்

ஒரே இடம் ஒவ்வொரு குளிரிலும் மேலெழுந்தால் மேல்வேலை எதுவும் நிற்காது. வண்டல் மண்ணை அள்ளிவிட்டு, நுண்தூள் குறைந்த ஜல்லியும் அடியில் வடிகுழாயும் வைக்க வேண்டும். துகள் அளவு சீராக இல்லாத மண்ணில் 0.02 மி.மீ.க்கும் சிறிய துகள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது உறைபனியில் தூக்கும் மண் என்பது 1930களிலிருந்து வழங்கும் அளவுகோல். ஆய்வகத்தில் மண்ணைக் கொடுக்கும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். தோண்டிய இடத்தின் ஓரங்களைச் சட்டென்று முடிக்காமல் சரிவாக விடுங்கள். புதுத்தளத்துக்குத் தாரின் தரம் கேட்கும்போது பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள்: பிஜி (செயல்திறன் தரம்) 58-28 என்பது −28 டிகிரிவரை, பிஜி 58-34 என்பது −34 வரை வெடிக்காமல் தாங்கும்படி வகுத்தது.

இந்த வேலைக்கான அளவெடுப்பை மட்டும் கோடைக்குத் தள்ளாதீர்கள். தூக்கிய தளம் கோடையில் பெரும்பாலும் பழையபடி அமர்ந்துவிடும். ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. குளிரின் உச்சத்தில், தளம் முழுவதாக எழுந்து நிற்கும்போதே நூல் கட்டி உயரத்தை அளந்து, ஓரத்தில் குச்சி நட்டோ பெயின்ட் அடித்தோ எல்லையைக் குறித்து, படமும் எடுத்து வையுங்கள்.